ஜாங்கிரி யாருக்குப் பயந்தது

தினேஷ்,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். அந்த ஒரு வரிக்கே பேனா நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து காரை எடுத்துக்கொண்டு போனதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், அணைக்கத் தோன்றவில்லை. உன் நைனா உத்திரமேரூர் கடைக்குப் போகிறார், ஒரு மோட்டாரைப் பிரித்துப் போடுகிறார், அதை அப்படியே விட்டுப் பூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். நீயோ தினமும் போன் செய்து, “நாள் பாத்தியாமா? திவ்யாவையும் பாப்பாவையும் எப்போ அனுப்பப் போற?” என்று ஒரே கேள்வியைக் கேட்கிறாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் வாயை மூடிக்கொள்வேன். பெற்றவளுக்கு அந்தப் பலவீனம் உண்டு. இதை ரகசியமாகவும் எழுதவில்லை. முடித்ததும் நைனாவுக்கும் திவ்யாவுக்கும் படித்துக் காட்டப் போகிறேன். மகனைப் பெற்ற வேறு எவள் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

நான் ஜாங்கிரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ‘கிளியப் பத்தி இப்போ இன்னாத்துக்கு?’ என்று நீ முகத்தைச் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. பொறுமையாகப் படி. திவ்யாவைப் பிரசவத்துக்கு சாலவாக்கத்தில் அவள் அம்மா வீட்டில் விடுவதற்கு முன்னால் நேராக நம்மூர் பெருநகருக்கு வந்து கூண்டை நம் வாசலில் இறக்கினாய். “அபார்ட்மெண்ட்ல எல்லாரும் கம்ப்ளெய்ண்ட் பண்றாங்கமா, எந்நேரமும் கத்திக்கினே கீது, நீயே வச்சிக்க” என்றாய். மேலே சுற்றியிருந்த போர்வையை எடுத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிளி என்றால் பச்சை என்று நினைத்தவள் நான். இதுவோ தலையிலிருந்து வயிறுவரை மஞ்சளும் ஆரஞ்சுமாக இருந்தது. நைனா கிட்டே குனிந்து பார்த்து, “இன்னாடா இது, சாயப்பட்டறைல வுழுந்து எந்திரிச்ச கிளியா?” என்றார். வெளிநாட்டு ஜாதி, பேர் சன் கானூர், நம்மூர்ப் பச்சைக் கிளியை வளர்த்தால்தான் பாரஸ்ட்காரர்கள் பிடிப்பார்கள், இதற்குப் பதிவெல்லாம் ஆகிவிட்டது என்று நீ விளக்கம் சொன்னாய். ஜாங்கிரி என்று பேர் வைத்தது திவ்யா. நீ காரைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அவள் கூண்டுக்குள் விரலை விட்டாள். அது அந்த விரலை அலகால் மெதுவாகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. “அத்தே, யாரு கேட்டாலும் குட்துடாதீங்க. அவரே கேட்டாலும்” என்றாள். வளர்த்த பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

விரலைப் பூவாகப் பிடித்த அதே அலகு மறுநாள் என் கையைப் பதம் பார்த்தது. கொய்யாப்பழத் துண்டை நீட்டினேன். பழத்தை விட்டுவிட்டுக் கட்டைவிரலுக்குப் பக்கத்துச் சதையைக் கவ்வியது. நான் அலறி இழுக்க, அது இன்னும் இறுக்க, புடவையெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற பெண் என்னிடம் அங்கன்வாடியில் படித்தவள். “இன்னா டீச்சர் கடிச்சிது, நாயா?” என்றாள். கிளி என்றதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, “கிளியா!” என்று வாயைப் பொத்தினாள். அதற்குள் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் என் கையை எட்டிப் பார்த்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே பாதித் தெரு நம் வீட்டில் கூடிவிட்டது, மனுஷியைக் கடிக்கும் மஞ்சள் கிளியைப் பார்க்க. அது கூண்டின் பின்மூலையில் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டு, இறகையெல்லாம் உடம்போடு அமுக்கி, பாதி உருவமாய்ச் சுருங்கி நின்றது. கண்ணின் கருவிழி மட்டும் சிறுத்துப் பெருத்துச் சிறுத்துப் பெருத்து ஓடியது. கடிக்கிற ஜந்துவுக்குத் திமிர் என்று நினைத்திருந்த எனக்கு அந்தக் கண்ணைப் பார்த்ததும்தான் அது பயத்தில் செத்துக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது.

அந்தப் பயத்திலும் ஒரு தினுசு இருந்தது. நைனா மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் அல்லவா, கடையில் மிச்சமான செப்புக் கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அவர் வாசலில் கால் வைத்ததும் ஜாங்கிரி குச்சியிலிருந்து பொத்தென்று விழுந்து, கூண்டு முழுக்க இறக்கையை அடித்துக்கொண்டு, வாலில் ஒரு இறகு முறிந்து ரத்தம் வந்துவிட்டது. சுருளைக் கழற்றி வெளியே மாட்டிவிட்டு வந்தால் அவ்வளவு ஆட்டமில்லை. அதேபோல நான் போன் சார்ஜர் வயரைக் கையில் எடுத்தாலும் இந்தக் கூத்துத்தான். நீளமாய்த் தொங்குவது, சுருண்டு கிடப்பது எதைக் கண்டாலும் அதற்கு ஆகவில்லை. “பாம்புமே! எங்கியோ பாம்பப் பாத்து பயந்துகீது” என்று நைனா தீர்ப்புச் சொன்னார். நாமோ வயல்காட்டு ஊர்க்காரர்கள், வயரைக் கண்டு பயந்தால் நமக்குப் பாம்பு ஞாபகம்தான் வரும். அடுக்குமாடியின் நாலாவது தளத்தில் பாம்பு எப்படி வரும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நான் யோசிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் அதிர்ச்சி.

தெருவே வந்து பார்த்ததால் கண்ணும் பட்டிருக்கும் என்று, மிளகாய் உப்பு வாசல்மண் எல்லாம் கையில் எடுத்துக் கூண்டை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடி வராவிட்டால் திருஷ்டி இருக்கிறது என்று அர்த்தம், உனக்குத் தெரியும். அன்றைக்கு வந்த நெடியில் நானே இருமிக்கொண்டு வெளியே ஓடினேன். திரும்பிப் பார்த்தால் கிளி கூண்டின் அடித்தட்டில் கிடந்து வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவிக்கிறது. நைனா கூண்டைத் தூக்கிக்கொண்டு பம்புசெட்டுப் பக்கம் ஓடினார், துண்டால் விசிறிக்கொண்டே, “ஏமே, உனுக்கு மூள கீதா? அத்தனூண்டு உசுரு, அதுக்குப் போயி மொளகாப் பொக போட்டுகீற!” என்று என்னைத் திட்டினார். நல்லது செய்கிறேன் என்றுதானே செய்தேன். அது பிழைத்து எழுந்து குச்சியில் உட்காரும்வரை நான் அந்த வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகுதான் உத்திரமேரூர் பஜாரில் தினையும் கம்பும் வாங்கும் கடை பாய், “கொயந்தைங்க பயந்துக்கினா பள்ளிவாசலுக்குத் தூக்கினு வருவீங்கல்ல, இதையும் தூக்கினு வாங்க டீச்சரம்மா, ஓதிப் பாக்கலாம்” என்றார். நீ சின்னதில் இடிக்குப் பயந்து தூங்காமல் கிடந்தபோது உன்னையும் அங்கேதான் தூக்கிப்போனேன். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கூண்டைப் பார்த்துவிட்டு, இதற்கு லக்கேஜா ஆளா என்று பெருநகரிலிருந்து பாதி தூரம் வாதாடினார். அந்தித் தொழுகை முடிகிற நேரம், வாசலில் கைக்குழந்தைகளோடும் தண்ணீர் பாட்டிலோடும் பெண்கள் வரிசையாக நிற்க, நடுவில் நான் கூண்டோடு நின்றேன். ஓதுகிறவர் சின்ன வயசுக்காரர். முதலில் சிரிப்பு வந்தது அவருக்கு, பிறகு அதை அடக்கிக்கொண்டு மற்றக் குழந்தைகளுக்கு ஓதின மாதிரியே நிதானமாக ஓதி ஊதினார். ஜாங்கிரி சத்தமே போடாமல் கேட்டது. “என்னால ஆனத ஓதிட்டேம்மா. மத்தபடி கூட இருந்து பாத்துக்கிறது உங்க கைல கீது” என்றார். வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. குழந்தையாகப் பாவித்து ஓதச் சொன்ன நான், குழந்தையாகப் பாவித்து அதை வளர்த்தேனா?

அங்கன்வாடியில் முதல் நாள் வருகிற பிள்ளைகளில் ஒன்று கண்டிப்பாகக் கடிக்கும். அதைத் தூக்கினாலும் கடிக்கும், மிரட்டினால் இன்னும் கடிக்கும். நான் என்ன செய்வேன் என்றால், அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு மற்றப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வேன். கொஞ்ச நேரத்தில் அதுவாக நகர்ந்து வந்து என் முந்தானையைத் தொடும். இந்த வித்தை தெரிந்தவள்தான் ஒரு கிளியிடம் போய், கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்த்துக்கொண்டு, ஆளுயரத்துக்கு மேலே நின்று, கையைக் கூண்டுக்குள் திணித்திருக்கிறேன். மறுநாளிலிருந்து கூண்டுக்குப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினேன், வேர்க்கடலை உரித்தேன், அதைப் பார்க்கவே இல்லை. நடுநடுவே நானே ஒரு கடலையை மென்றுவிட்டு, ஒன்றை நீளக் கரண்டியில் வைத்துக் கம்பிக்குப் பக்கத்தில் விட்டுவிடுவேன். வந்து எடுத்தால் எடுக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும். கரண்டி நாளாக ஆகக் குட்டையானது, பிறகு ஸ்பூன், பிறகு என் விரல் நுனி. நடுவில் கடிக்காமல் இல்லை. கடித்தால் கத்தக் கூடாது, வெடுக்கென்று இழுக்கக் கூடாது, முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு முருகா முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அது என் மணிக்கட்டில் ஏறி உட்கார்ந்து, தலையைக் குனிந்து, பிடரி இறகைச் சிலிர்த்துக் காட்டியது. சொறிந்துவிடச் சொல்கிறது! எனக்கு அழுகை வந்துவிட்டது, தினேஷ். நீ முதல் மார்க் எடுத்துக்கொண்டு ஓடி வந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

வயர் பயத்தைப் போக்கியது நைனா. தன்னைக் கண்டால் ஒரு ஜீவன் நடுங்குகிறதே என்று அவருக்குப் பெரிய மனக்குறை. சுருளையெல்லாம் கடையோடு விட்டுவிட்டு வர ஆரம்பித்தார், வாசலிலேயே கைகால் கழுவிக்கொண்டு, “நான்தாம்பா, நைனா வந்துகீறேன், கையில ஒண்ணும் இல்ல, பாரு” என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். பிறகு ஒரு சாண் செப்புக் கம்பியைக் கொல்லைக் கோடியில் வேலியோரம் போட்டு, இங்கே அதற்குச் சோளம் ஊட்டினார். அது பதறாமல் தின்றால் அடுத்த நாள் கம்பியைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவருவார், பதறினால் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடுவார். மோட்டார் வேலையில் காட்டாத பொறுமையை இதில் காட்டினார். திவ்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்து நீ ஜிலேபி கொண்டுவந்து நீட்டிவிட்டு அவசரமாய்ப் போனாயே, அந்தச் சமயத்தில் கம்பி கொல்லையில் பாதி தூரம் வந்திருந்தது. பாப்பா முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தபோது ஜாங்கிரி அந்தக் கம்பியை அலகில் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் நடந்தது, என் சார்ஜர் வயரின் மேலே ஏறி உட்கார்ந்தது. பயம் போய்விட்டது என்று நைனா தெருவுக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு அவ்வளவு சந்தோஷம். பாப்பாவை நம்மூர்க் கோயிலுக்குக் காட்டத் திவ்யாவும் அவள் அம்மாவும் காலையிலேயே வந்துவிட்டார்கள். திவ்யாவைக் கண்டதும் ஜாங்கிரி கீச்சென்று கத்திக்கொண்டு பறந்துபோய் அவள் தோளில் உட்கார்ந்து, காதோரம் கூந்தலைக் கோதியது. நைனா கம்பியைக் கொடுத்து அது விளையாடுவதைக் காட்ட, திவ்யா நம்பமாட்டாமல் பார்த்து, “இது நம்ம ஜாங்கிரியா மாமா?” என்றாள். நீ மத்தியானம் வந்தாய். கை கழுவினாய், பாப்பாவைக் கொஞ்சினாய், போனைப் பார்த்தாய், சார்ஜ் இல்லை. பையிலிருந்து சார்ஜரை எடுத்தாய். வயர் சிக்கியிருந்ததால் உதறி, இரண்டாய் மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, திவ்யா பாயில் உட்கார்ந்திருந்த பக்கம் நடந்தாய். அங்கேதான் பிளக் இருந்தது. நீ வேறொன்றும் செய்யவில்லை, நான் சத்தியமாய் அதையும் எழுதுகிறேன்.

ஜாங்கிரி முதலில் கத்தவே இல்லை. இறகெல்லாம் ஒட்டிப்போய் நூலாக இளைத்தது. அடுத்த நொடி பறந்து, டியூப்லைட்டில் மோதி, கிரைண்டருக்குப் பின்னால் விழுந்தது. நாங்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்திருக்க வேண்டும். ஆனால் என் கண் திவ்யாவிடம் போனது. அவள் உனக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, பாப்பாவை மடிக்குள் அமுக்கி, அதன் மேல் கவிழ்ந்து குனிந்திருந்தாள். ஒரு கை குழந்தையின் உச்சந்தலையில், இன்னொரு கை அவள் பிடரியில். கண்ணை இறுக மூடியிருந்தாள். அப்படியே காத்திருந்தாள். வீட்டில் அடி வாங்கி வருகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும், தினேஷ். நான் கரும்பலகையைத் துடைக்கக் கையை ஓங்கினாலே அப்படித்தான் குனியும். அடி விழப்போகிறது என்று உடம்புக்கு வழக்கமானவர்கள் மட்டும்தான் அப்படிக் குனிவார்கள். கிளி வயருக்குப் பயப்படவில்லை. அந்த வயர் உன் கையில் இருந்ததற்குப் பயந்தது. அவளும்.

நீ போனைச் செருகிவிட்டுத் திரும்பி, “இந்த சனியன் இன்னும் திருந்தலயா?” என்று சிரித்தாய். ஒருவரும் சிரிக்கவில்லை. இலையில் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் உனக்கு உறைத்தது, “இன்னா எல்லாம் என்னையே பாக்கறீங்க?” என்றாய். நைனா சோற்றுக் கையோடு எழுந்துபோய்ச் சார்ஜரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “இன்னாடா பண்ணி வச்சிகீற அந்தப் பொண்ண?” என்று கேட்டார். அந்த மனுஷன் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. “உங்களுக்கெல்லாம் பைத்தியமா? ஒரு கிளி பறந்துதுன்னு…” என்று சொல்லிக்கொண்டே நீ எழுந்தாய். உன் பேச்சில் கிளி வந்தது, திவ்யா வரவில்லை. நைனா கேட்டது கிளியைப் பற்றி இல்லையே. அந்த இடத்தில்தான் எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போனது.

ஜாங்கிரிக்கு அடி பலமில்லை, நைனா அதைத் துண்டில் எடுத்துக் கூண்டில் விட்டார். மறுநாள் நான் ஒருத்தியாக சாலவாக்கம் போனேன். திவ்யா பாப்பா துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டேன். அவள் அழவில்லை, துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். “எப்பவும் இல்ல அத்தே, கோவம் வந்தா மட்டும். கைக்கு எது கெடைக்குதோ அது. வயரு எப்பவும் கைகிட்டயே கீது.” கிளியை ஏன் அடித்தான் என்றேன். “கத்துதுன்னு. வூட்ல ஆபீஸ் போன் பேசிக்கினு இருப்பாரு, அது கத்தும். வெளிய இழுத்து அடிப்பாரு, நான் நடுவுல பூருவேன்.” அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அபார்ட்மெண்ட்ல யாரும் கம்ப்ளெய்ண்ட் பண்ல அத்தே. நான்தான் கெஞ்சி உங்ககிட்ட வுடச் சொன்னேன். நான் அங்க இருந்தா பாதி எனக்கு வுழும், பாதி அதுக்கு. நான் பிரசவத்துக்கு வந்துட்டா மொத்தமும் அதுக்குத்தான? செத்துப் பூடும்.”

ஏண்டி என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னனே அத்தே” என்றாள். சொல்லியிருக்கிறாள், தினேஷ். கல்யாணமான புதுசில் போன் செய்து, உனக்கு ரொம்பக் கோபம் வருகிறது, பயமாக இருக்கிறது என்று இழுத்தாள். “ஆம்பளன்னா அப்டித்தாம்மா, எதிர்த்துப் பேசாத, வயித்துக்கு சோத்தப் போடு, சரியாப் பூடும்” என்று சொல்லிவிட்டு சீரியல் பார்க்கப் போனவள் நான். என் வீட்டுக்காரர் ஒரு நாளும் என் மேல் கை வைத்ததில்லை. பிறகு எந்த அனுபவத்தில் அந்தப் புத்திமதியைச் சொன்னேன்? எங்கேயோ யாரோ சொல்லிக் கேட்டதை ஒரு பெண்ணின் தலையில் கட்டியிருக்கிறேன். உன்னை நினைத்து எவ்வளவு அதிர்ந்தேனோ அதே அளவு அங்கே என்னை நினைத்து அதிர்ந்தேன். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த மாதிரி என்பார்கள். பூனையைப் பெற்றவளுக்கு ஒரு பழமொழியும் இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு அந்தக் கொடிக்குக் கீழே அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் அழுதேன், அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கிளம்பும்போது, ‘நாள் பார்க்கச் சொல்கிறான், நீ என்னம்மா சொல்கிறாய்?’ என்று கேட்டேன். தூளியைப் பார்த்தாள். பாப்பா பசிக்குச் சிணுங்க ஆரம்பித்திருந்தது. “பாப்பாவும் கத்தும்ல அத்தே?” என்றாள். பஸ் வரும்வரை எனக்குக் காதில் அதுவேதான் கேட்டுக்கொண்டிருந்தது, இதை எழுதும்போதும் கேட்கிறது.

ஆகவே நாள் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன். இதில் திவ்யா உன்னை மாட்டிவிட்டாள் என்று நினைக்காதே, அவள் கடைசிவரை உன்னைத் திட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. நைனா சாலவாக்கம் போய்ச் சம்பந்தியிடம் எல்லாவற்றையும் தலைகுனிந்து சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் வீட்டிலோ நம் வீட்டிலோ, திவ்யா இருக்க விரும்புகிற இடத்தில் அவளும் குழந்தையும் இருப்பார்கள். அவள் போலீசுக்குப் போகிறேன் என்றால் நான் கூடப் போவேன், அதையும் அவளிடம் சொல்லியாகிவிட்டது. உன் மேல் எனக்குப் பாசம் போய்விட்டதா என்று கேட்பாய். போகவில்லை, அதுதான் வேதனை. நேற்றுக்கூட முருங்கைக்கீரை ஆய்கையில் உனக்குப் பிடிக்குமே என்று தோன்றியது, உடனே அந்தக் குனிந்த முதுகும் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒன்றாக வருகிறது, ஒன்றை வைத்து ஒன்றை அழிக்க முடியவில்லை.

ஒரு பயந்த ஜீவனைத் தெளிய வைக்க எனக்குத் தெரியும், அதைச் செய்தும் காட்டிவிட்டேன். அடிக்கிற கையை நிறுத்த எனக்குத் தெரியாது. அது உன் வேலை. கோபத்துக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரிப் பெண் சொன்னாள். போ. வெட்கமாக இருந்தாலும் போ. அவர்களிடம் கிளி கத்தியது, ஆபீஸ் டென்ஷன் என்று ஆரம்பிக்காதே, ‘நான் என் பெண்டாட்டியை வயரால் அடித்தேன்’ என்று ஆரம்பி. அதைச் சொல்ல உனக்கு எத்தனை காலம் ஆனாலும் ஆகட்டும். மன்னிப்புக் கேட்டதும் திவ்யா மனம் மாறிவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதே. அவள் மாறாமலே போகலாம், அதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது. நீ திருந்துவது அவளைத் திரும்பப் பெறுவதற்கான கூலி அல்ல.

அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் வா, வராதே என்று சொல்ல என்னால் முடியாது. திவ்யாவும் பாப்பாவும் நாளைக்கு இங்கே வருகிறார்கள், கொஞ்ச நாள் இருப்பார்கள். நீ வந்து கதவைத் தட்டினால் நான் உடனே திறக்க மாட்டேன். தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு, உள்ளே திரும்பி, “அவன் வந்துகீறான், தொறக்கட்டுமா?” என்று அவளைக் கேட்பேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்தால், நீ வெளியே நின்று அம்மா அம்மா என்று எத்தனை முறை கூப்பிட்டாலும், நான் திறக்க மாட்டேன்.

உன் அம்மா